பச்சைதான் வில்லங்கம்: தமிழ்–சிங்கள ஸ்ட்ரூப் பரிசோதனையை எதில் கட்டுவது?

திருகோணமலை, கோணேசபுரி கம்பஸில் தொடர்பாடல் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருந்தார். இறுதியாண்டு ஆய்வுக்கு ஸ்ட்ரூப் பரிசோதனை (நிறப் பெயர்களை வேறு நிறத்தில் காட்டிப் பதில் நேரத்தை அளப்பது) செய்யப் போகிறாராம். தமிழும் சிங்களமும் நன்றாகத் தெரிந்த மாணவர்கள் ஒரு குழு, தமிழ் மட்டும் சரளமாகத் தெரிந்தவர்கள் இன்னொரு குழு. "மேற்பார்வையாளர் ஈ-பிரைம் என்கிறார். கணினி படிக்கும் நண்பன் பைதன் நிரல்மொழியில் நீயே எழுது என்கிறான். இணையத்தில் தேடினால் எல்லோரும் சைக்கோபை என்கிறார்கள். என்னிடம் இருப்பது இரண்டு பழைய லப்டொப்பும் ஏ.எல். (உயர்தர) காலத்து ஐ.சி.ரி. (கணினிப் பாட) அறிவும்தான். எதைத் தேர்வது அண்ணா?"

சுருக்கமான பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். ஈ-பிரைம், சைக்கோபை, ஜேஎஸ்சைக் எல்லாம் இந்த மாதிரிப் பரிசோதனைகளைக் கணினியில் கட்டி நடத்தும் மென்பொருள்கள். பதிலைப் பட்டனை அழுத்திப் பெறப் போகிறீர்கள் என்றால் ஜேஎஸ்சைக். வாயால் சொல்ல வைத்துக் குரலைப் பதியப் போகிறீர்கள் என்றால் சைக்கோபை, ஆனால் சொற்களைப் படங்களாக மாற்றி. ஈ-பிரைம் உங்களுக்கு வேண்டாம். நண்பனின் யோசனை அதைவிட வேண்டாம். ஏன் என்பதுதான் நீளமான கதை.

மென்பொருள் தேடுகிறவர்கள் பெரும்பாலும் "எந்த நிரல்மொழி எனக்குத் தெரியும்?" என்று தொடங்குகிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் எண்ணம். திரையில் என்ன காட்டப் போகிறோம், ஆள் எப்படிப் பதில் சொல்லப் போகிறார், எங்கே உட்கார்ந்து செய்யப் போகிறார், எவ்வளவு சிறிய வித்தியாசத்தைத் தேடுகிறோம் என்பவை முடிவானால், மென்பொருள் பாதி தானாகவே முடிவாகிவிடும். உங்கள் விஷயத்தில் முதல் கேள்வியே மற்ற எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முன்னால் வருகிறது. காட்டப்போவது தமிழும் சிங்களமும் ஆயிற்றே.

ஸ்ட்ரூப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி: "சிவப்பு" என்ற சொல்லை நீல மையில் எழுதிக் காட்டி, மையின் நிறம் என்ன என்று கேட்டால், வாசிக்கும் பழக்கம் குறுக்கே வந்து ஆளைத் தாமதப்படுத்தும். ஜோன் ரிட்லி ஸ்ட்ரூப் 1935 இல் அமெரிக்காவில் இதை வெளியிட்டபோது கணினியே கிடையாது. நூறு உருப்படிகள் கொண்ட ஓர் அட்டையைச் சொல்லி முடிக்க எத்தனை செக்கன் என்று மொத்தமாகத்தான் அளந்தார். வெறும் நிறச் சதுரங்களுக்குச் சராசரியாக 63 செக்கன், பொருந்தாத நிறத்தில் எழுதிய சொற்களுக்கு 110 செக்கன். அதாவது ஓர் உருப்படிக்குக் கிட்டத்தட்ட அரைச் செக்கன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மில்லிசெக்கன் பயம் வரும்போது உதவும்.

இப்போது உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயம். பதில் வாயாலா, விரலாலா? இது மென்பொருள் கேள்வி இல்லை என்று நினைப்பீர்கள். ஆனால் எல்லாம் இதில்தான் தொங்குகிறது. இரண்டு மொழிக்காரர்களிடம் ஸ்ட்ரூப் செய்வது புதிதல்ல. பிரெஸ்டன், லாம்பர்ட் என்ற இருவர் 1969 இலேயே செய்திருக்கிறார்கள். அங்கே ஆள் நிறத்தை வாயால் சொல்கிறார். தமிழ்ச் சொல்லைப் பார்த்துத் தமிழிலேயே நிறம் சொன்னால் குழப்பம் அதிகம், சிங்களத்தில் சொன்னால் குறைவு என்ற மாதிரியான ஒப்பீடு அப்போதுதான் சாத்தியம். நான்கு பட்டன்களில் நிற ஸ்டிக்கர் ஒட்டி அழுத்தச் சொன்னால், பதிலுக்கு மொழியே இல்லை. அது வேறு கேள்வி. பிழையான கேள்வி இல்லை, வேறு கேள்வி. "இருமொழிக்காரர்களுக்குக் குறுக்கீடு குறைவாக இருக்கிறதா?" என்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் பட்டன் போதும். "எந்த மொழி எந்த மொழியை இடிக்கிறது?" என்பது நோக்கம் என்றால் வாய் வேண்டும். வாய் என்றால் மைக், மின்விசிறி இரைச்சல், வெளியே ஓட்டோ ஹோர்ன், ஒவ்வொரு ஒலிப்பதிவிலும் பேச்சு தொடங்கிய இடத்தைப் பிராட் மாதிரியான மென்பொருளில் கையால் குறிக்கும் வேலை எல்லாம் சேர்ந்து வரும். ஓர் ஆளுக்கு நூற்றுக்கு மேல் பதில்கள், நாற்பது ஆள்கள் என்றால் நான்காயிரத்துக்கு மேல் ஒலிகள். இளங்கலை ஆய்வுக்கு நான் பட்டன் பக்கம்தான் சாய்வேன். மேற்பார்வையாளரோடு இதை இந்தக் கிழமையே பேசி முடியுங்கள்.

சரி, எழுத்துக்கு வருவோம்.

தமிழ் எழுத்தைத் திரையில் வரைவது ஆங்கிலம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் வேலை இல்லை. "பச்சை" என்று தட்டும்போது கணினி வைத்திருக்கும் வரிசை ப, ச, புள்ளி, ச, ஐகாரக் குறி. ஐகாரக் குறி கடைசியில் இருக்கிறது, ஆனால் கண்ணுக்கு முன்னால் தெரிய வேண்டும். "கொ" என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து கொம்பு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் போக வேண்டும். "பு", "கு", "மு" என்று உகரம் ஒவ்வொரு எழுத்திலும் ஒவ்வொரு கோலம். இந்த வேலையைச் செய்யத் தனியாக ஓர் எழுத்துக்கோர்ப்பு இயந்திரம் வேண்டும். குரோம், பயர்பொக்ஸ் உலாவிகளில் ஹார்ஃப்பஸ் என்ற அந்த இயந்திரம் உள்ளேயே இருக்கிறது. அதனால்தான் செய்தித்தளங்களைத் தமிழில் தொல்லையில்லாமல் வாசிக்கிறோம். பரிசோதனை மென்பொருள்கள் பல, வேகத்துக்காக எழுத்துகளை நேரடியாக கிராபிக்ஸ் அட்டைக்கு அனுப்புகின்றன. வழியில் இந்தக் கோர்ப்பு வேலை விடுபட்டுப் போகும். சைக்கோபையின் எழுத்துப் பகுதியில் அரபுக்கும் வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்கும் தனி அமைப்பு வைத்திருக்கிறார்கள். தமிழுக்கு அப்படி ஒன்று இல்லை. நான் பார்த்த லப்டொப்களில் "பச்சை" ஒரு புள்ளிக்கோட்டு வட்டத்தோடு உடைந்து நின்றது.

இதில் ஒரு வேடிக்கை. சிங்களத்தில் பச்சைக்கு "கொள". அதில் முதல் எழுத்தே இரண்டாகப் பிரியும் ஒகரம். அதாவது இரண்டு மொழியிலும் பச்சைதான் வில்லங்கம். ஆகவே எந்த மென்பொருளை இறக்கினாலும் முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தமிழில் "பச்சை", "சிவப்பு", சிங்களத்தில் "கொள", "ரது" என்ற நான்கையும் அந்தந்த எழுத்திலேயே திரையில் போட்டுப் பாருங்கள். நான்கும் ஒழுங்காக வந்தால் மேலே போகலாம். வராவிட்டால் எழுத்துரு மாற்றி மாற்றி இரண்டு நாளை வீணாக்காதீர்கள். பிரச்சினை எழுத்துருவில் இருக்காது.

வராதபோது தப்பும் வழி, சொற்களைப் படமாக்குவது. ஒரே எழுத்துரு, ஒரே அளவு, பின்னணி ஒளிபுகும் பி.என்.ஜி. கோப்பு. நான்கு சொல், நான்கு நிறம், இரண்டு மொழி என்று 32 படங்கள். ஒரு பின்னேர வேலை. ஸ்ட்ரூப்புக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் இருநூறு சொற்களைக் காட்டி "இது சொல்லா, சொல் இல்லையா" என்று கேட்கும் பரிசோதனைக்கு இருநூறு படம் செய்து, பிறகு ஒரு சொல்லில் ஒற்றுப்பிழை கண்டுபிடித்து மறுபடி செய்யும்போது உலாவியின் அருமை விளங்கும்.

எழுத்தைப் பற்றி இன்னும் இரண்டு பொறி உண்டு. முதலாவது, சொல்லின் நீளம். "இரண்டு மொழிச் சொற்களின் நீளத்தையும் கணினியிலேயே எண்ணிவிட்டேன்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. "திருகோணமலை" நமக்கு ஆறு எழுத்து. உலாவியின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டிடமோ பைதனிடமோ நீளம் கேட்டால் பத்து என்று சொல்லும். குறிகளையும் தனித்தனியாக எண்ணுவதால் அப்படி. "கோ"வைச் சிலர் கொம்பும் காலுமாகத் தனித்தனியே தட்டியிருந்தால் பதினொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல் மட்டும் இரண்டும் வேறு என்று சாதிக்கும். நான்கு நிறச் சொற்களைக் கையாலேயே எண்ணிவிடலாம்: சிவப்பு நான்கு, பச்சை மூன்று, நீலம் மூன்று, மஞ்சள் நான்கு.

இரண்டாவது பாமினி. நம் பக்கத்தில் இன்னும் பாதிப்பேர் வேர்டில் பாமினியில்தான் தட்டுகிறார்கள். அது யூனிகோட் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்ட எழுத்துரு, அவ்வளவுதான். யாராவது உங்களுக்கு அறிவுறுத்தல் பக்கத்தைத் தட்டித் தந்து, அதை அப்படியே நிரலில் ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் வரும். மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வரி வரியாக வாசியுங்கள். அதேபோல எக்செல்லில் சொற்பட்டியல் செய்தால், சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 என்று குறித்திருக்கும் சி.எஸ்.வி. வகையைத் தெரிவு செய்யுங்கள். சாதாரண சி.எஸ்.வி.யில் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும். அதன்பிறகு திரும்ப எடுக்க வழியில்லை.

அடுத்தது நேரம். "உலாவியில் செய்தால் மில்லிசெக்கன் துல்லியம் வராது" என்று மேற்பார்வையாளர் சொல்வார். அவர் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது, ஆனால் அந்த உண்மை உங்களைத் தொடாது.

சாதாரண லப்டொப் திரை செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கிறது. ஒரு தடவைக்கு 16.7 மில்லிசெக்கன். எவ்வளவு விலையான மென்பொருள் வாங்கினாலும் 20 மில்லிசெக்கன் மட்டும் ஒரு சொல்லை அந்தத் திரையில் காட்ட முடியாது. 16.7 அல்லது 33.3, இடையில் ஒன்றும் இல்லை. கீபோர்ட் தன் பங்குக்குச் சில மில்லிசெக்கன்களிலிருந்து சில பத்து மில்லிசெக்கன்கள் வரை தாமதிக்கும். எல்லா மென்பொருளும் இதே திரையிலும் இதே கீபோர்ட்டிலும்தான் ஓட வேண்டும்.

2020 இல் பிரிட்ஜஸ், பிட்டியோ, மக்காஸ்கில், பியர்ஸ் என்ற நால்வர் பத்து மென்பொருள்களை எடுத்து, ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தடவைகள் கருவி வைத்து அளந்து வெளியிட்டார்கள். ஆய்வுகூட வகையில் சைக்டூல்பொக்ஸ், சைக்கோபை, பிரசன்டேஷன், ஈ-பிரைம் நான்கின் தளும்பலும், அதாவது தடவைக்குத் தடவை நேரம் மாறும் அளவு, சராசரியாக ஒரு மில்லிசெக்கனுக்குள் நின்றது. உலாவி வகையில் தளும்பல் கொஞ்சம் கூட. ஆனால் பதில் நேரத்தில் பெரும்பாலானவை 10 மில்லிசெக்கனுக்குள் வந்துவிட்டன. படமும் ஒலியும் ஒரே கணத்தில் வர வேண்டும் என்பதில்தான் உலாவிகள் மோசம். அந்த நால்வரில் பியர்ஸ் என்பவர்தான் சைக்கோபையைத் தொடங்கியவர், அதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஆனாலும் எண்களை ஒளிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

இப்போது கணக்குப் போடுவோம். கடிகாரத்தின் தளும்பல் ஒரு திரைப் புதுப்பிப்பு அளவு, 16.7 மில்லிசெக்கன் வரை எங்கும் விழலாம் என்று வைத்தால், அதன் நியம விலகல் (சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) 4.8 தான். ஒரே ஆளின் பதில் நேரமே தடவைக்குத் தடவை 150 மில்லிசெக்கன் அளவில் ஆடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் 150 என்பது 150.08 ஆகிறது. அவ்வளவே. இந்த மாதிரிக் கணக்கை உல்ரிக், கிராய் என்ற இருவர் 1989 இலேயே போட்டு, மட்டமான கடிகாரங்களுக்கு நல்ல செய்தி என்று கட்டுரைக்குத் தலைப்பே வைத்தார்கள். மனிதன்தான் அதிகம் ஆடுகிறான், இயந்திரம் இல்லை. 2018 இல் ஸ்பெக்டர் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு உலாவிகள் வேண்டுமென்றே தங்கள் கடிகாரத்தைக் கொஞ்சம் மழுங்கடித்ததும் இந்தக் கணக்கில் அடங்கிவிடும்.

மாறாத தாமதமும் தொல்லை இல்லை. உங்கள் கீபோர்ட் எல்லாப் பதிலிலும் 30 மில்லிசெக்கன் கூட்டினால், பொருந்தாத சொல்லின் நேரத்திலிருந்து பொருந்தும் சொல்லின் நேரத்தைக் கழிக்கும்போது அந்த முப்பது இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போகும்.

வெட்டுப்படாத இடம் ஒன்று உண்டு, அதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். "லிங்கை வட்ஸ்அப் குறூப்பில் போட்டால் எல்லோரும் தங்கள் போனிலேயே செய்துவிடுவார்களே" என்று நீங்களும் கேட்டிருந்தீர்கள். செய்வார்கள். ஆனால் தொடுதிரையின் தாமதம் போனுக்குப் போன் வேறு. உவர்மலையில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு போன், தம்பலகாமத்திலிருந்தோ மூதூரிலிருந்தோ வரும் பிள்ளையிடம் இன்னொரு போன். இருமொழிக் குழுவில் நகரப் பிள்ளைகள் அதிகம் என்றால், "இருமொழிக்காரர்கள் வேகமானவர்கள்" என்று நீங்கள் கண்டுபிடிப்பது உண்மையில் போன் கம்பனியின் வேகமாக இருக்கலாம். குறுக்கீட்டு அளவைக் கழித்தல் காப்பாற்றும், மொத்த வேகத்தைக் காப்பாற்றாது. ஆகவே இரண்டு லப்டொப்பிலேயே எல்லோரையும் செய்ய வையுங்கள். முக்கியமாக ஒரு குழு ஒரு லப்டொப்பில், மற்றக் குழு மற்றதில் என்று ஆகிவிடாமல் மாற்றி மாற்றி உட்கார வையுங்கள். எந்த ஆள் எந்த லப்டொப் என்பதும் தரவில் ஒரு நெடுவரிசையாக இருக்கட்டும்.

மென்பொருள்களைப் பற்றித் தனித்தனியாகக் கொஞ்சம்.

ஈ-பிரைம் நல்ல சாமான்தான், மேற்பார்வையாளர் பழகியது அதில் என்றால் அவர் சொல்வது நியாயம். வின்டோஸில் மட்டும் ஓடும், காசுக்கு உரிமம் வாங்க வேண்டும். உரிமம் இருக்கும் கணினி ஒன்றுதான் என்றால் நீங்கள் அந்தக் கணினிக்குக் கைதியாகிவிடுவீர்கள். மட்லப் என்ற கணிப்பு மென்பொருளோடு ஓடும் சைக்டூல்பொக்ஸ், பார்வை ஆய்வுக்காரர்களின் பிள்ளை. கோடுகளின் ஒளிவேறுபாடு, கண் அசைவு என்று போகிறவர்களுக்கு அதற்கு ஈடில்லை. மட்லப்புக்குப் பதிலாக இலவசமான ஒக்டேவிலும் ஓடும். நான்கு நிறச் சொல்லுக்கு அது கொசு அடிக்கப் பீரங்கி.

பைதனில் வெறும் கையால் எழுதுவது, நண்பன் சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுதிவிடுவான், சந்தேகமில்லை. ஆனால் சொல் திரையில் தோன்றிய கணத்துக்கும் நிரல் "காட்டிவிட்டேன்" என்று நினைத்த கணத்துக்கும் உள்ள இடைவெளியை யார் பார்ப்பது? வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், நண்பன் வரமாட்டான். கூகிள் போர்ம் பதில் நேரத்தை அளக்கவே அளக்காது. வயது, பாடசாலை மொழி, வீட்டில் பேசும் மொழி கேட்கும் கேள்விக்கொத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சைக்கோபை இலவசம், நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பில்டர் என்ற பகுதியில் பெட்டிகளை இழுத்து வைத்தே பரிசோதனையைக் கட்டலாம். சொற்பட்டியலை எக்செல் கோப்பிலிருந்து எடுக்கும். நிரல் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் குறைவு. தமிழ் எழுத்து ஒன்று மட்டும் இல்லாவிட்டால் உங்களுக்கும் இதையே சொல்லியிருப்பேன். கணினியில் ஓட்டுவது இலவசம், இணையத்தில் பவ்லோவியா என்ற தளம் வழியாக ஓட்டத்தான் காசு. ஓப்பன்செசமி இதன் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி: இதுவும் இலவசம், இதுவும் இழுத்து வைப்பது, உள்ளே பைதன். அந்த நால்வரின் அளவீட்டில் ஒலியில் கொஞ்சம் பின்தங்கியது. படம், எழுத்து வேலைக்குக் குறையில்லை. சைடூல்கிட் என்ற இணையத்தளத்தில் ஸ்ட்ரூப்பே ஆயத்தமாகக் கிடக்கிறது. எடுத்துப் படங்களை மட்டும் மாற்றலாம். ஆனால் அதற்கென்று தனியாக ஒரு குட்டி நிரல்மொழி படிக்க வேண்டும், பிறகு அது வேறெங்கும் உதவாது.

ஜேஎஸ்சைக், ஜோஷ் டி லீயுவ் என்பவர் தொடங்கிய இலவச ஜாவாஸ்கிரிப்ட் தொகுதி. 2015 இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. இழுத்து வைக்கும் வசதி இல்லை, தட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் அவர்களுடைய தளத்தில் இருக்கும் ஒரு பயிற்சியே நீல வட்டத்துக்கு ஒரு பட்டன், செம்மஞ்சள் வட்டத்துக்கு இன்னொரு பட்டன் என்ற பதில்நேரப் பரிசோதனை. வட்டத்தின் இடத்தில் சொல்லைப் போட்டு, பட்டனை நான்காக்கினால் உங்கள் ஸ்ட்ரூப்பின் எலும்புக்கூடு வந்துவிட்டது. ஐ.சி.ரி.யில் எச்.ரி.எம்.எல். பார்த்திருப்பீர்கள், அது இங்கே நேரடியாகக் கைகொடுக்கும். இன்னொரு லாபம்: நிறுவல் இல்லை. ஆய்வுகூடக் கணினிகளில் ஒன்றை நிறுவ நிர்வாகியின் கடவுச்சொல்லுக்கு அலைய வேண்டியிருக்கும். இதை ஒரு பென் டிரைவில் கோப்புறையாகக் கொண்டுபோய்க் குரோமில் திறந்தால் போதும். இணையமும் வேண்டாம், தொகுதியின் கோப்புகளை முதலே இறக்கி அதே கோப்புறையில் வைத்திருந்தால்.

ஓர் எச்சரிக்கை. 2021 இல் வந்த ஏழாம் பதிப்பில் ஜேஎஸ்சைக்கின் எழுதும் முறை மாறியது. யூடியூபில் கிடக்கும் பழைய பாடங்கள் ஆறாம் பதிப்புக்கானவை. சட்ஜிபிடியிடம் கேட்டால் ஆறையும் ஏழையும் கலந்து ஒரு கூட்டாஞ்சோறு தரும். பார்க்க அழகாக இருக்கும், ஓடாது. எந்தப் பதிப்பு என்பதைக் கேள்வியிலேயே சொல்லுங்கள், தளத்தில் உள்ள ஆவணத்தோடு ஒப்பிடுங்கள்.

தரவைச் சேமிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். பயிற்சிகளில் பரிசோதனை முடிந்த பிறகு சி.எஸ்.வி. கோப்பை இறக்கும் வரிதான் இருக்கும். பழைய லப்டொப், மின்கலம் செத்தது, நடுவில் கரண்ட் போகிறது என்றால் அந்த ஆளின் தரவு அப்படியே காற்றோடு. ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் உலாவியின் உள்ளகச் சேமிப்பில் எழுதும்படி இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். இன்னும் ஒழுங்காக வேண்டுமென்றால் ஜாடோஸ் என்ற இலவச மென்பொருளை லப்டொப்பிலேயே ஓட்டலாம். அது சிறிய ஒரு சேவையகம், ஆள்வாரியாகத் தரவை அடுக்கி வைக்கும். இரண்டு லப்டொப்பும் நாற்பது பேரும் என்றால் அது இல்லாமலும் சமாளிக்கலாம். கோப்பின் பெயரில் ஆளின் பெயரையோ அடையாள அட்டை இலக்கத்தையோ போடாதீர்கள். எண் மட்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் ஒழுக்கநெறிக் குழு விண்ணப்பத்திலும் தரவு எங்கே இருக்கும் என்று கேட்பார்கள். "என் லப்டொப்பில், கடவுச்சொல்லோடு" என்பது எழுதுவதற்கு லேசான பதில்.

நான் பட்ட ஒரு பாடு. சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவிக்கு இதே மாதிரி ஒன்று கட்டிக் கொடுத்தேன். வீட்டில் அருமையாக ஓடியது. பரிசோதனை நாளில் முதல் ஆள் உட்கார்ந்தார், சொல் வந்தது, பட்டனை அழுத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார். சொல் சிலை மாதிரி நிற்கிறது. இருபது நிமிடம் நிரலைக் கிண்டிய பிறகுதான் கண்ணில் பட்டது: திரையின் மூலையில் கீபோர்ட் மொழி "தமிழ்" என்று இருந்தது. மாணவி காலையில் அறிவுறுத்தலில் ஓர் எழுத்தைத் திருத்தியிருக்கிறார், திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றவில்லை. நிரல் காத்திருந்தது "எஃப்" எழுத்துக்கு, வந்துகொண்டிருந்தது ஒரு தமிழ் எழுத்து. அன்றிலிருந்து நான் பதில் பட்டன்களுக்கு எழுத்துகளையே வைப்பதில்லை. நான்கு அம்புக்குறி விசைகள், அவற்றின் மேல் நிற ஸ்டிக்கர். புத்தகக் கடையில் வட்டமாக விற்கும் ஸ்டிக்கர் போதும். எந்த நிறம் எந்த விசை என்பதை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள்.

லப்டொப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவு ஒளி என்ற வசதியைப் போட்டு வைத்திருந்தால், பொழுதுபட்டதும் அது தானாக இயங்கித் திரையை மஞ்சளாக்கிவிடும். நிறத்தைக் கேட்கும் பரிசோதனையில் அது எவ்வளவு பெரிய துரோகம்! நிறுத்திவிடுங்கள். சில லப்டொப்கள் சார்ஜரைக் கழற்றியதும் மின்சாரம் மிச்சம் பிடிக்கத் திரையின் புதுப்பிப்பையும் வேகத்தையும் குறைக்கும். ஆகவே எல்லோருக்கும் செருகியபடியே நடத்துங்கள். வின்டோஸ் அப்டேட்டை அன்றைக்கு நிறுத்தி வையுங்கள், வை-ஃபையை அணையுங்கள், வட்ஸ்அப் வெப்பை மூடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதியம் இரண்டு மணிக்கு ஆள்களைக் கூப்பிட்டால் மென்பொருளை விட வெக்கைதான் பதில் நேரத்தைத் தீர்மானிக்கும். காலையில் வையுங்கள், இரண்டு குழுவுக்கும் ஒரே நேரங்களில். சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாதவர்கள், பெரும்பாலும் ஆண்கள், இருப்பார்கள். தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவைப் பற்றி ஒரு யோசனை. ஒரு மொழியில் பொருந்தும் சேர்க்கை நான்கு, பொருந்தாதவை பன்னிரண்டு. முதலாவதை 12 தடவையும் மற்றதை 4 தடவையும் காட்டினால் 48க்கு 48, மொத்தம் 96. ஒன்றுக்கு இரண்டரைச் செக்கன் என்றால் நான்கு நிமிடம். இதில் ஓர் ஓட்டை இருக்கிறது: "சிவப்பு" என்ற சொல் பாதித் தடவை சிவப்பாகவே வருவதால் ஆள்கள் சொல்லையே துப்பாகப் பிடித்துக்கொள்ளலாம். பதினாறையும் சமமாக 6 தடவை காட்டினாலும் அதே 96 தான் வரும். பொருந்துபவை 24 ஆகக் குறையும், ஆனால் இந்த ஓட்டை அடைபடும். எதைத் தேர்ந்தாலும் ஏன் என்று ஒரு பத்தி எழுதிவிடுங்கள், பரீட்சகர் கேட்பார். இருமொழிக் குழுவில் பாதிப்பேருக்குத் தமிழ் முதலில், பாதிப்பேருக்குச் சிங்களம் முதலில். தமிழ் மட்டும் தெரிந்த குழுவுக்குச் சிங்களப் பகுதி எதற்கு என்பதையும் யோசியுங்கள். எழுத்தே தெரியாதவருக்கு அது கோலம் மாதிரித்தான். ஒப்பீட்டுக்கு அதுவே நல்ல அடித்தளமாகவும் அமையலாம்.

முதல் ஆளைக் கூப்பிடும் முன், நீங்களே மூன்று தடவை செய்து, அந்தக் கோப்பைத் திறந்து, உங்கள் சொந்தச் சராசரியைக் கணக்கிடுங்கள். எந்தச் சொல், எந்த நிறம், எந்த விசை, சரியா பிழையா, எத்தனை மில்லிசெக்கன், எந்த மொழி என்ற ஆறும் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். பொருந்தாதது உங்களுக்கே மெதுவாக வரவில்லை என்றால் நிரலில் ஏதோ பிழை. நேரத்தை அளந்து காட்டச் சொன்னால், செக்கனுக்கு 240 சட்டம், அதாவது தனிப்படம், எடுக்கும் மெதுவியக்க வீடியோ உள்ள ஒரு போனை யாரிடமாவது கடன் வாங்குங்கள். விரலும் திரையும் ஒரே படத்தில் தெரியும்படி வைத்து, விசை கீழே போன சட்டத்துக்கும் திரை மாறிய சட்டத்துக்கும் இடையில் எத்தனை சட்டம் என்று எண்ணுங்கள். ஒரு சட்டம் 4.2 மில்லிசெக்கன். இருபது தடவை எடுத்து, சராசரியையும் விலகலையும் ஆய்வுமுறை அத்தியாயத்தில் ஓர் அட்டவணையாகப் போட்டால், ஈ-பிரைம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு அந்த அட்டவணையே பதில். மேற்பார்வையாளரிடம் வாதாடப் போகாதீர்கள், அட்டவணையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சிங்களப் பக்கத்தை மட்டும் சிங்களம் தாய்மொழியான ஒருவர் திரையிலேயே வாசித்துப் பார்க்கட்டும், தாளில் வேண்டாம். முதல் வரைவு ஓடத் தொடங்கியதும் கோப்புறையை அப்படியே சுருக்கி அனுப்புங்கள், "கொள" ஒழுங்காக நிற்கிறதா என்று நானும் ஒருதடவை பார்க்கிறேன்.